'பாஸ் அவுட்' வேறு, 'பாஸ் அவே' வேறு: எளிய ஆங்கில வினைகளில் ஒரு பயிற்சி

நர்சிங் முடித்துவிட்டு இங்கிலாந்து, அயர்லாந்து என்று வேலைக்குக் கிளம்பும் நம் பிள்ளைகளிடம் வாந்திக்கு ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டுப் பாருங்கள். 'வாமிட்டிங்' என்பார்கள். இன்னும் கொஞ்சம் ஆழமாகப் படித்தவர் 'எமெசிஸ்' என்பார். வீக்கத்துக்கு 'எடிமா', மூச்சுத் திணறலுக்கு 'டிஸ்ப்னியா' என்று எல்லாம் சரியாக வரும். ஆனால் அங்கே கட்டிலில் படுத்திருக்கும் எண்பது வயதுப் பாட்டி இந்தச் சொற்களில் ஒன்றைக்கூடச் சொல்ல மாட்டார். அவர் சொல்வது இப்படித்தான் இருக்கும்: "ஐ கான்ட் கீப் எனிதிங் டவுன், லவ்."

கடைசியில் வரும் 'லவ்' நம்ம ஊர்க் கிழவிகள் சொல்கிற 'கண்ணு' மாதிரி. அதற்குப் பயப்பட வேண்டாம். மற்ற ஐந்து சொல்லும் தொடக்கப் பள்ளியிலேயே படித்தவை. தனித்தனியாக எல்லாம் தெரியும், சேர்த்தால் தெரியாது. 'எதையும் கீழே வைக்க முடியலையாம்' என்று நினைத்துக்கொண்டு நிற்போம். பாட்டி சொன்னது, 'எதைச் சாப்பிட்டாலும் வயித்துல தங்க மாட்டேங்குது'. இது புரியாமல் காலை மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனால் என்ன ஆகும்? மாத்திரையும் வெளியே வந்துவிடும். குறிப்பேட்டில் 'கொடுத்தாயிற்று' என்று இருக்கும், உடம்பில் மருந்து இருக்காது.

இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட தொடர்களைப் பற்றியது. கெட், கோ, கம், புட், டேக், கீப், பாஸ், த்ரோ போன்ற அன்றாட வினைகளோடு அப், டவுன், ஆஃப், அவுட், ஓவர் போன்ற குட்டிச் சொற்கள் சேர்ந்து புதுப் பொருள் தரும் தொடர்கள். இலக்கணப் புத்தகம் இவற்றை ஃப்ரேசல் வெர்ப் என்கிறது. எல்லாத் துறையிலும் இவை உண்டு. நான் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளக் காரணம், அங்கேதான் தப்பாகப் புரிந்துகொண்டால் விலை அதிகம்.

'பாஸ்' என்ற ஒரு வினையையே பாருங்கள். 'ஹி பாஸ்ட் அவுட்' என்றால் மயங்கி விழுந்தார். 'ஹி பாஸ்ட் அவே' என்றால் இறந்துவிட்டார். 'பாஸ்ட் ஆன்' என்றாலும் அதேதான், நம்முடைய 'போய்ச் சேர்ந்துட்டார்' போல. 'பாஸ் வாட்டர்' என்றால் சிறுநீர் கழிப்பது. 'பாஸ் விண்ட்' என்றால் காற்றுப் பிரிவது. வயிற்று அறுவைக்குப் பிறகு நம்ம ஊர் டாக்டர் 'காத்து பிரிஞ்சுதா?' என்று கேட்பாரே, அதே கேள்வி. இரவுப் பணி முடிந்து போகிறவர் தொலைபேசியில் உறவினரிடம் 'அவுட்'டுக்குப் பதில் 'அவே' என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். துக்கச் செய்தி சொல்வதற்கான பயிற்சிகளில், நயமாகச் சொல்கிறேன் என்று சுற்றி வளைக்காமல் 'டைட்' என்ற நேரடிச் சொல்லையே பயன்படுத்தும்படி சொல்லிக்கொடுப்பதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம்.

இதில் நம்ம பக்கத்துச் சிக்கல் ஒன்று தனியாக இருக்கிறது. இந்திய ஆங்கிலத்தில் 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2019' என்றால் 2019-இல் படிப்பை முடித்தேன் என்று பொருள். பிரிட்டனில் ராணுவ, காவல் பயிற்சி முடியும்போது நடக்கும் அணிவகுப்புக்குப் 'பாசிங் அவுட் பரேட்' என்று பெயர் உண்டு. அந்தப் பொருளை நாம் கல்லூரிக்கும் நீட்டிக்கொண்டோம். நமக்குள் பேசிக்கொள்ளும்போது இதில் ஒரு தவறும் இல்லை. லண்டனில் நேர்முகத் தேர்வில் சொன்னால், கேட்பவர் காதில் 'நான் 2019-இல் மயங்கி விழுந்தேன்' என்றுதான் முதலில் விழும். அங்கே 'கிராஜுவேட்டட்' அல்லது 'ஃபினிஷ்ட்' என்று சொல்லிவிட்டுப் போவது நல்லது.

'கோ ஆஃப்' இன்னும் வேடிக்கை. 'த லைட்ஸ் வென்ட் ஆஃப்' என்றால் விளக்கு அணைந்தது. 'த அலாரம் வென்ட் ஆஃப்' என்றால் அலாரம் அடித்தது. ஒன்று நின்றது, இன்னொன்று தொடங்கியது. வினை ஒன்றே, குட்டிச் சொல்லும் ஒன்றே. 'மூன்றாம் கட்டிலில் மானிட்டர் அலாரம் ஹேஸ் கான் ஆஃப்' என்று யாராவது கத்தினால், 'ஆஃப் ஆயிடுச்சு போல, அப்புறம் போட்டுக்கலாம்' என்று நினைக்கக் கூடாது. ஓட வேண்டும். இதே தொடர் பாலுக்கு வந்தால் 'பால் கெட்டுப்போச்சு'. 'ஐவ் கான் ஆஃப் மை ஃபுட்' என்று நோயாளி சொன்னால் 'சாப்பாடே பிடிக்கல'.

இந்தத் தொந்தரவு நமக்கு மட்டும் புதிதாக வந்ததில்லை. சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையிலேயே, வினையோடு ஒரு சிறு சொல்லை ஒட்டிப் பொருளை மாற்றும் இந்த வழக்கம் வெளிநாட்டார்க்கு மிகவும் கடினம் என்று எழுதியிருக்கிறார். ஃப்ரேசல் வெர்ப் என்ற பெயரைப் பரப்பியவர் லோகன் பியர்சால் ஸ்மித், 1925-இல். ஐந்து ஆண்டு கழித்து, 1930-இல், சி.கே. ஆக்டன் 'பேசிக் இங்கிலிஷ்' என்று 850 சொற்களில் ஓர் ஆங்கிலத்தை உருவாக்கினார். அதில் வினைகள் வெறும் 18. எப்படி முடிந்தது? கெட், புட், கோ, டேக் போன்ற எளிய வினைகளோடு குட்டிச் சொற்களை இணைத்துத்தான் மற்ற வினைகளின் வேலையை வாங்கினார். காகிதத்தில் 850 சொல். ஆனால் ஒவ்வொரு இணைப்புக்கும் தனிப் பொருள் என்பதால், கற்பவருக்கு உண்மையான சுமை அதைவிடப் பல மடங்கு. குறைந்த சொல் என்றால் எளிது என்று நம்பும் யாருக்கும் இந்த முயற்சியைக் காட்டலாம்.

ஆங்கிலம் இப்படி இரட்டைத் தட்டாக ஆனதற்கு வரலாறு காரணம். 1066-இல் நார்மானியர் வந்த பிறகு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு ஏறியது. சமயத்திலும் கல்வியிலும் லத்தீன் இருந்தது. வீடும் வயலும் அடுப்படியும் பழைய ஆங்கிலத்திலேயே நின்றன. அதனால் 'போஸ்ட்போன்' அலுவலகத்துக்கு, 'புட் ஆஃப்' வீட்டுக்கு. 'டாலரேட்' கட்டுரைக்கு, 'புட் அப் வித்' பேச்சுக்கு. நாம் ஆங்கிலத்தைப் பள்ளிக்கூட வாசல் வழியாகப் போய்ப் பிடித்தவர்கள். மேல் தட்டு நமக்கு அத்துப்படி. உடம்பு சரியில்லாதவர்கள் பேசுவதோ கீழ்த் தட்டில்.

தெரியாததை ஒதுக்கிவிட்டுத் தெரிந்ததை வைத்தே ஓட்டுவது கற்பவர்களின் இயல்பு. 1985-இல் டாகுட், லாஃபர் என்ற இருவர் ஹீப்ரு மொழிக்காரர்களைச் சோதித்தபோது, அவர்கள் இந்தத் தொடர்களைத் தவிர்த்து ஒற்றைச் சொல் வினைகளையே தேர்ந்தெடுத்தார்கள். ஹீப்ருவில் இப்படி ஓர் அமைப்பு இல்லை. 1989-இல் டச்சுக்காரர்களைச் சோதித்த ஹல்ஸ்டைன், மார்சேனா இருவரும் வேறு முடிவைக் கண்டார்கள். டச்சு மொழியில் இதே போன்ற வினைகள் உண்டு. அவர்கள் மொத்தமாகத் தவிர்க்கவில்லை. ஆனால் சில தொடர்கள் தம் தாய்மொழித் தொடரைப் போலவே இருந்ததால், 'இது ஆங்கிலமாக இருக்காது' என்று சந்தேகப்பட்டு விட்டுவிட்டார்களாம்! எனக்கு இந்த இரண்டாவது முடிவு ரொம்பப் பிடிக்கும். நம் பிள்ளைகளிடமும் அந்தச் சந்தேகத்தைப் பார்க்கிறேன். 'மை ஹெட் இஸ் ஸ்பின்னிங்' என்று சொல்லத் தயங்குவார்கள். 'தலை சுத்துது'ன்னு தமிழை அப்படியே மாத்தின மாதிரி இருக்கே என்பார்கள். அது நல்ல ஆங்கிலம்தான்.

நம் மொழியும் இந்த விஷயத்தில் ஒன்றும் குறைந்ததில்லை. தமிழில் உடம்பைப் பற்றிப் பேசும்போது என்னென்ன வினைகள் வருகின்றன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பசி எடுக்குது. காய்ச்சல் அடிக்குது. மூச்சு வாங்குது. சளி கட்டியிருக்கு. காது அடைச்சிருக்கு. இடுப்பு பிடிச்சுக்கிச்சு. வயித்தால போகுது. கண்ணைக் கட்டுது. கால் மரத்துப்போச்சு. எடு, அடி, வாங்கு, கட்டு, பிடி, போ: எல்லாம் கடைத்தெருவில் புழங்கும் வினைகள். தமிழ் கற்க வரும் ஒரு வெள்ளைக்காரரை நினைத்துப் பாருங்கள். 'மூச்சு வாங்குது' என்றால் எந்தக் கடையில், என்ன விலைக்கு என்று கேட்பார்! நமக்கு அது உறைக்கவே உறைக்காது. அதே போலத்தான் அந்தப் பாட்டிக்கும் தன் 'கீப் டவுன்' உறைக்காது.

ஆனால் ஓர் இடத்தில் இரண்டு மொழியும் எதிரெதிராக நிற்கின்றன. நம்ம பிள்ளைகளின் தவறுகளில் பெரும்பகுதி இங்கிருந்துதான் கிளம்புகிறது என்பது என் கணிப்பு. தமிழில் நோய்தான் வேலை செய்யும், மனிதர் வாங்கிக்கொள்வார். சளி என்னைப் பிடிக்கும், காய்ச்சல் எனக்கு அடிக்கும், மயக்கம் எனக்கு வரும். ஆங்கிலத்தில் பெரும்பாலும் மனிதரே எழுவாய். 'ஐ காட் எ கோல்ட்': நான்தான் சளியைப் பிடித்தேன். 'ஹி இஸ் ரன்னிங் எ டெம்பரேச்சர்': அவர்தான் காய்ச்சலை ஓட்டுகிறார். 'ஷி கேம் அவுட் இன் எ ராஷ்': உடம்பில் தடிப்பு வரவில்லை, அவளே தடிப்பாக வெளியே வந்தாள்! 'ஐவ் புட் மை பேக் அவுட்': இடுப்பு தானாகப் பிடித்துக்கொள்ளவில்லை, நானே விலக்கிக்கொண்டேன். பிடி என்ற அதே வினை இரண்டு மொழியிலும் சளிக்கு வருகிறது. யார் யாரைப் பிடித்தார்கள் என்பதில்தான் வேறுபாடு. 'ஃபீவர் இஸ் கமிங் ஃபார் மீ', 'வாமிட்டிங் இஸ் கமிங்' என்றெல்லாம் நாம் சொல்வது இந்தத் திசை மாறாததால்தான். ஆகவே முதல் பயிற்சி: நோயைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, ஆளை முன்னால் நிறுத்துங்கள். 'எனக்கு' என்று தொடங்கும் தமிழ் வாக்கியத்தை 'நான்' என்று மனதில் மாற்றிவிட்டுப் பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள். வாய்க்குப் பழகச் சில நாள் பிடிக்கும், அவ்வளவுதான்.

அடுத்து, அந்தக் குட்டிச் சொற்கள். அவை வெறுமனே ஒட்டிக்கொண்டிருப்பவை இல்லை. நம் துணைவினைகளை நினைத்துக்கொள்ளுங்கள். 'குடி' வேறு, 'குடித்துவிடு' வேறு. அந்த 'விடு' எதையும் விடச் சொல்லவில்லை. வேலை முழுசாக முடிய வேண்டும் என்கிறது. 'டிரிங்க்', 'டிரிங்க் அப்' இரண்டுக்கும் இடையே இருப்பதும் அதுதான். 'டிரிங்க் அப்', 'ஈட் அப்', 'யூஸ் அப்' மூன்றிலும் 'அப்' மேலே போகவில்லை, மிச்சம் வைக்காதே என்கிறது. 'பார்' வேறு, 'பார்த்துக்கொள்' வேறு. 'லுக்', 'லுக் ஆஃப்டர்' அப்படியே அதற்குப் பக்கத்தில் உட்காரும். 'தள்ளிப்போடு' என்பதில் இருக்கும் போடு, 'புட் ஆஃப்' என்பதில் இருக்கும் புட். 'அவுட்' பல இடங்களில் அணைவதையும் தீர்வதையும் குறிக்கும்: விளக்கை 'புட் அவுட்', மருந்து 'ரன் அவுட்', நினைவு 'பாஸ் அவுட்'. மயக்கம் தெளிந்தால் 'ஹி இஸ் கமிங் ரவுண்ட்'. நாமும் 'நினைவுக்கு வந்தார்' என்றுதானே சொல்கிறோம்? எல்லாத் தொடருக்கும் இப்படி இணை கிடைக்காது. கிடைக்கிற இடத்தில் விடாதீர்கள்.

புத்தகக் கடைகளில் கிடைக்கும் பட்டியல்களைப் பற்றி ஒரு வார்த்தை. 'லுக்' என்று தலைப்பிட்டு லுக் ஆஃப்டர், லுக் ஃபார், லுக் இன்டு, லுக் அப், லுக் டவுன் ஆன் என்று வரிசையாக அடுக்கியிருப்பார்கள். ராத்திரி படித்தால் காலையில் எது எதற்கு என்று குழம்பும். ஒரே மாதிரி முகமுள்ள ஐந்து அண்ணன் தம்பிகளை ஒரே நாளில் அறிமுகப்படுத்தினால் பெயர் நினைவிருக்குமா? வினையை வைத்து அடுக்காமல் காட்சியை வைத்து அடுக்குவது மேல். பயப்படும் அளவுக்கு எண்ணிக்கையும் இல்லை. 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் என்ற தொகுப்பை ஆராய்ந்து கார்ட்னர், டேவிஸ் இருவரும் 2007-இல் எழுதிய கட்டுரையின்படி, வெறும் 20 வினைகளும் 8 குட்டிச் சொற்களும் சேர்ந்த இணைப்புகளே அதில் வரும் ஃப்ரேசல் வெர்ப்களில் பாதிக்கும் மேல்.

காட்சி என்று சொன்னேனே, அதை இப்படிச் செய்யலாம். உடம்பு சரியில்லாதபோது வீட்டில் ஆத்தாவோ அப்பாவோ சொன்னதை அப்படியே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். உதாரணமாக: 'ராத்திரி பூரா தூக்கமே இல்ல. ரெண்டு தடவ வாந்தி எடுத்தேன். தண்ணி குடிச்சாக்கூடத் தங்கல. எந்திரிச்சா தலை சுத்துது. கால் வீக்கம் மட்டும் கொஞ்சம் வடிஞ்சிருக்கு.' இப்போது ஒவ்வொன்றாக: 'ஐ வாஸ் அப் ஆல் நைட்.' 'ஐ த்ரூ அப் ட்வைஸ்.' 'ஐ கான்ட் ஈவன் கீப் வாட்டர் டவுன்.' 'மை ஹெட் ஸ்பின்ஸ் வென் ஐ கெட் அப்.' 'த ஸ்வெல்லிங் ஹேஸ் கான் டவுன் எ பிட்.' ஒரு நோயாளி, ஐந்து வாக்கியம், ஐந்து எளிய வினை. பிறகு இதையே திருப்புங்கள்: இந்த ஐந்தையும் கேட்ட நர்ஸ் குறிப்பேட்டில் என்ன எழுதுவார்? அங்கேதான் படித்த சொற்கள் வரும். மறுபடி டாக்டர் எழுதியதைப் பாட்டிக்குச் சொல்லும்போது கீழ்த் தட்டுக்கு இறங்க வேண்டும். இப்படி மேலும் கீழும் ஏறி இறங்குவதே அந்த வேலையின் ஆங்கிலம். பிரிட்டனின் செவிலியர் பதிவு மன்றம் 2017 முதல் ஏற்றுக்கொள்ளும் ஓ.இ.டி. தேர்வின் பேச்சுப் பகுதியில், நோயாளியாக ஒருவர் நடிக்க, நீங்கள் நர்ஸாக இரண்டு முறை உரையாட வேண்டும். நோயாளிக்குப் புரியும் எளிய பேச்சுக்கு அதில் மதிப்பு உண்டு.

கண்ணால் படித்துத் தெரிந்துகொண்டாலும் காதில் விழும்போது வேறு மாதிரி இருக்கும். இங்கே நமக்கு ஒரு வசதி உண்டு, யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நம் புணர்ச்சி இலக்கணம். நூல் + அகம் நூலகம் ஆவது போல, பாஸ் + அவுட் காதில் 'பாசவுட்' ஆகும். கிவ் + அப் 'கிவப்'. கோ + இல் நடுவில் வகரம் பெற்றுக் கோவில் ஆகிறதே, அதே போல கோ + ஆஃப் 'கோவாஃப்', த்ரோ + அப் 'த்ரோவப்'. மணி + அடி மணியடி ஆவது போல, கேரி + ஆன் 'கேரியான்'. உடம்படுமெய் என்று பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்ததெல்லாம் ஆங்கில வாயிலும் நடக்கிறது! பாட்டி வேகமாகப் பேசும்போது இரண்டு சொல்லைத் தேடாதீர்கள், புணர்ந்த ஒரே சொல்லைத் தேடுங்கள். அழுத்தமும் பெரும்பாலும் பின்னால் இருக்கும் குட்டிச் சொல்லில்தான் விழும். நாம் 'பாஸ்'ஸை அழுத்தி 'அவுட்'டை விழுங்குகிறோம். அவர்கள் 'அவுட்'டைத்தான் அழுத்துவார்கள். பெயர்ச்சொல் ஆனால் தலைகீழ்: 'செக்-அப்', 'பிரேக்டவுன்' என்பவற்றில் முதலில் அழுத்தம்.

'இட்', 'தெம்' போன்ற பிரதிப்பெயர் வந்தால் நடுவில் போக வேண்டும் என்பதும் பழக வேண்டிய ஒன்று. 'டேக் ஆஃப் இட்' இல்லை, 'டேக் இட் ஆஃப்', அதாவது 'டேகிடாஃப்'. 'லுக் ஆஃப்டர்' இதற்குக் கட்டுப்படாது. அதை விதியாகப் படிப்பதைவிட நாலு முறை வாயால் சொல்லிவிடுவது சுலபம்.

எவ்வளவு பேச வேண்டும் என்று கேட்டால், கேட்டுப் புரிந்துகொள்ள நூறு, வாயால் சொல்ல இருபது போதும் என்பேன். சாவைக் கிண்டலாகச் சொல்லும் 'கிக் த பக்கெட்' மாதிரித் தொடர்களை மருத்துவமனை வாசலுக்கு வெளியிலேயே விட்டுவிடுங்கள். படம் பார்க்கும்போது புரிந்தால் சரி. 'ஹேவ் யூ ஓப்பன்ட் யுவர் பவல்ஸ்?' என்பது அங்கே நர்ஸ்கள் தினமும் கேட்கும் கேள்வி. நம்மூரில் கூச்சத்தோடு 'வெளிக்குப் போனீங்களா?' என்று கேட்பது. இதைக் கட்டாயம் சொல்லப் பழகுங்கள். வயதானவர்கள் 'ஸ்பெண்ட் எ பென்னி' என்றால் காசு கேட்கவில்லை, கழிப்பறைக்குப் போக வேண்டும் என்கிறார்கள். ஒரு காலத்தில் அங்கே பொதுக் கழிப்பறைக் கதவு திறக்க ஒரு பென்னி போட வேண்டியிருந்தது.

இன்னொன்று. 'ஐவ் கம் ஓவர் ஆல் ஃபன்னி' என்று யாராவது சொன்னால் சிரித்துவிடாதீர்கள். அங்கே வேடிக்கை எதுவும் இல்லை. நம்ம வீட்டில் பெரியவர்கள் நெஞ்சைத் தடவிக்கொண்டே 'ஒரு மாதிரியா வருதுப்பா' என்பார்களே, அதுதான். இரண்டிலும் 'வருவது' ஒன்றே. உட்கார வைத்து, நாடியைப் பாருங்கள்.